வேனிலில் வென்றவர்: பொபி ஜோன்ஸின் வாழ்க்கை

ஒவ்வொரு விளையாட்டுக்கும் பிறந்த மண் ஒன்று உண்டு. கோல்ப் ஆட்டம் பிறந்த மண் ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கடற்கரை. ஓயாது வீசும் கடற்காற்று, ஆடுகள் மேய்ந்து கட்டையாக்கிய புல், மேகம் மூடிய வானம் ஆகியனவே அதன் தாய்வீடு. அங்கே கம்பளிச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து ஆடுவது நாகரிகத்தின் பொருட்டு மாத்திரமன்று, குளிரின் பொருட்டுமாம். ஆயினும் அந்நாட்டவர் கடல் கடந்து சென்ற இடமெல்லாம் இவ்வாட்டமும் உடன் சென்றது. அந்த உடையும் கூடவே சென்றது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே இன்றுவரை நிலைத்திருக்கும் கோல்ப் கழகங்களுள் மிகப் பழையது 1829 ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் அமைந்தது. சித்திரை வைகாசி வெயிலில் அக்கழகத்தார் பட்ட பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம். நம் நாட்டில் நுவரெலியாவின் நடுவே விரிந்து கிடக்கும் கோல்ப் மைதானமும் வெயிலுக்கு அஞ்சி மலையேறியோரின் நினைவுச் சின்னமே.

இவ்வாட்டத்தைச் செல்வரின் மாலை உலா என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தை முற்றாகப் பொய்யென்றும் சொல்வதற்கில்லை. ஆனால் கொளுத்தும் கோடையில், பல்லாயிரவர் கண்முன், ஒரு நாளில் இரு சுற்றுக்கள் ஆடி முடிப்பது எத்தகைய வேள்வி என்பதை அறிய விரும்புவோர் பொபி ஜோன்ஸ் என்னும் அமெரிக்கரின் வாழ்க்கையைப் படித்தல் வேண்டும். அவர் பெற்ற வெற்றிகளை உலகம் நன்கறியும். அவ்வெற்றிகளுக்கு அவருடைய உடல் கொடுத்த விலையை அறிந்தோர் சிலரே.

ஆட்டத்தின் அமைப்பை முதலிற் சுருக்கமாகக் கூறிவிடுவோம். பதினெட்டுக் குழிகள் கொண்ட மைதானத்தை ஒரு முறை சுற்றி வருதல் ஒரு சுற்று. ஒவ்வொரு குழிக்கும் தொலைவில் ஒரு தொடக்க இடம் உண்டு. அங்கிருந்து சிறு பந்தைக் கோலால் அடித்து, இடையிலுள்ள நெடும்புல்லையும் மணற்குழியையும் நீர்நிலையையும் தப்பிக் குழியுள் வீழ்த்துதல் வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவராவார். ஒரு சுற்றுக்கு நடக்கும் தூரம் நான்கு மைலுக்குக் குறையாது. ஜோன்ஸ் வாழ்ந்த காலத்துப் பெரும் போட்டிகளில் நான்கு சுற்றுக்கள் ஆடவேண்டும். அவற்றுள் இறுதி இரண்டும் ஒரே நாளில் நிகழும். எதிரி பந்தை எறிவதுமில்லை, தடுப்பதுமில்லை. ஆடுபவனுக்கு எதிரி மைதானமும் வானிலையும் அவனுடைய மனமுந்தான்.

ரொபேட் ரயர் ஜோன்ஸ் 1902 ஆம் ஆண்டு மார்ச் 17 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜோர்ஜியா மாநிலத்தின் தலைநகராகிய அற்லாண்டாவிற் பிறந்தார். தந்தையார் சட்டத்தரணி. குழந்தை மிக மெலிந்தது. ஐந்து வயது வரையில் திடமான உணவு எதுவும் அதன் வயிற்றில் தங்கவில்லை. வைத்தியர் பலர் வந்து போயினர். ஜோர்ஜியாவின் கோடையோ ஈரமும் புழுக்கமும் மிக்கது. நம் கொழும்பு வெக்கையை அறிந்தோருக்கு அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நகரத்துப் புழுக்கத்தினின்றும் பிள்ளையைக் காப்பாற்ற எண்ணிய பெற்றோர், கோடை மாதங்களைக் கழிக்க ஈஸ்ற் லேக் என்னும் புறநகர்க்குச் சென்று தங்கினர். அங்கே கோல்ப் மைதானம் ஒன்று இருந்தது. வெயிலுக்கு அஞ்சிக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளை வெயிலிலேயே வளர்ந்தான்.

ஈஸ்ற் லேக்கில் ஆட்டம் பயிற்றியவர் ஸ்ருவேட் மெய்டன் என்பவர். ஸ்கொத்லாந்தின் கார்னூஸ்ரி என்னும் கடற்கரையூரிலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். சிறுவன் பொபிக்கு அவர் முறையாகப் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. சிறுவன் அவர் பின்னே நடந்தான்; அவர் கோலை வீசும் விதத்தைப் பார்த்தான்; பின் தனியே சென்று அவ்வாறே வீசினான். குருவின் அசைவு சீடனில் அப்படியே படிந்தது. ஆறு வயதிற் சிறுவர் போட்டி ஒன்றில் முதலிடம் பெற்றான். 1916 இல், பதினான்கு வயதில், ஜோர்ஜியா மாநிலத்தின் அமெச்சூர் போட்டியில், அதாவது பணம் பெறாது ஆடுவோருக்குரிய போட்டியில், வென்றான். அதே ஆண்டு மெரியன் என்னுமிடத்தில் நிகழ்ந்த தேசியப் போட்டிக்குச் சென்று, முதிர்ந்த வீரர் இருவரைத் தோற்கடித்த பின்னரே தோல்வி கண்டான். நாடெங்கும் பத்திரிகைகள் அச்சிறுவனைப் புகழ்ந்தன.

புகழ் முந்தி வந்தது. வெற்றி வர ஏழாண்டுகள் பிந்தின. காரணம் கையிலன்று, குணத்தில் இருந்தது. வாலிபன் ஜோன்ஸ் கடுங்கோபி. அடி தவறினாற் கோலைத் தூக்கி எறிவான். 1921 இல், கோல்ப் ஆட்டத்தின் திருத்தலமெனப் போற்றப்படும் சென் அன்றூஸ் மைதானத்தில், மூன்றாஞ் சுற்றின் பதினோராவது குழியில், மணலிற் சிக்கிய பந்தோடு போராடிச் சலித்து, போட்டியை இடையிற் கைவிட்டு விட்டான். தன் வாழ்நாளெல்லாம் அவர் நாணிய செயல் அது. அவ்வாண்டே சென் லூயிஸ் நகரில் அவர் வீசிய கோல் ஒரு பெண்மணியின் காலிற் பட்டது. தேசியச் சங்கத்தார் கடிதம் எழுதி எச்சரித்தனர்.

அதற்குப்பின் அவர் கோல் எறிந்ததாகக் கேள்வியில்லை. கோபம் ஒழிந்ததா என்றால், இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அது உள்ளே சென்றது. புறத்தே அமைதியான முகம், அகத்தே கொதிப்பு. போட்டி நாட்களில் அவரால் உண்ண முடிவதில்லை. இரு சுற்றுக்களுக்கு இடையே தேநீரும் வாட்டிய பாண் துண்டுமே அவருடைய ஆகாரம். சிகரெட் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். முன்னரே, 1919 ஓகஸ்ட் மாதத்தில், பதினேழு வயதில் ஓக்மொன்ற் மைதானத்தில் ஆடிய ஆறு நாட்களில் 18 இறாத்தல் எடை குறைந்திருந்தார். வெயில் குடித்தது பாதி, மனம் குடித்தது பாதி. பிந்திய போட்டிகளிலும் இவ்வாறே உடல் உருகும். வீடு திரும்பிச் சில வாரங்கள் ஓய்ந்த பின்னரே பழைய நிலை எய்தும். ஆறு நாள் ஆட்டத்தில் இவ்வளவு எடை இழந்தவரைச் சுகவாசி என்று எவரேனும் சொல்ல முடியுமா?

அவர் முழுநேர ஆட்டக்காரருமல்லர். ஜோர்ஜியாத் தொழினுட்பக் கல்லூரியில் எந்திரவியல் கற்று 1922 இற் பட்டம் பெற்றார். பின் ஹார்வாட் சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் பயின்று 1924 இல் மற்றொரு பட்டம் பெற்றார். அதன் பின் எமரி சர்வகலாசாலையிற் சட்டம் படிக்கத் தொடங்கி, படிப்பு முடியுமுன்னரே சட்டத்தரணிகளுக்குரிய பரீட்சையிற் சித்தியெய்தித் தந்தையாரின் தொழிலிற் சேர்ந்தார். 1924 இல் மேரி மலோன் என்னும் பெண்ணை மணந்தார். மக்கள் மூவர் பிறந்தனர். ஆண்டில் ஒரு சில போட்டிகளே ஆடுவார். வென்றால் கிண்ணம் உண்டு. பணம் ஒரு சதமேனும் பெறுவதில்லை. இந்நிலையில் 1923 முதல் 1930 வரையான எட்டாண்டுகளில் பெரும் போட்டிகள் பதின்மூன்றில் அவர் வாகை சூடினார். 1923 இல் நியூயோர்க்கை அடுத்த இன்வூட் மைதானத்தில், மேலதிகச் சுற்றொன்று ஆடிப் பெற்ற அமெரிக்கத் திறந்த போட்டி வெற்றியே அவற்றுள் முதலாவது.

எனினும் அவருடைய பெயரை ஆசிரியர்கள் தம் மாணாக்கருக்குச் சொல்லத்தக்கதாக்கியது ஒரு தோல்வியே. 1925 ஜூன் மாதம், மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் அமெரிக்கத் திறந்த போட்டி நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் முதல் வாரத்தில் நாட்டின் கிழக்குப் பகுதியை வெப்ப அலை ஒன்று வாட்டியது; நகரங்களில் மக்கள் மடிந்தனர். அந்த வெயிலில், முதற் சுற்றின் பதினோராவது குழியில், ஜோன்ஸின் பந்து மேட்டோரத்து நெடும்புல்லிற் கிடந்தது. அடிக்க ஆயத்தமாகக் கோலை வைத்தபோது புல் அசைந்து பந்து சற்றே நகர்ந்தது. விதிப்படி அதற்கு ஓர் அடி தண்டம். கண்டவர் எவருமில்லை. உடன் ஆடிய வோல்ரர் ஹேகன் காணவில்லை, நடுவர்கள் காணவில்லை, சூழ நின்றோரை வினவியபோது அவர்களும் காணவில்லை. நடுவர்கள் முடிவை அவரிடமே விட்டனர். அவர் தம் கணக்கில் ஓர் அடியைத் தாமே கூட்டி எழுதுவித்தார்.

நான்கு சுற்றுக்கள் முடிந்தபோது அவரும் வில்லி மக்பார்லேன் என்னும் ஸ்கொத்லாந்தியரும் 291 அடிகளிற் சமமாக நின்றனர். அந்த ஓர் அடி சேராதிருப்பின் வெற்றி ஜோன்ஸுக்கே. மறுநாள் பதினெட்டுக் குழிகள் ஆடினர்; மீண்டும் சமம். அன்றே இன்னும் பதினெட்டு ஆடினர். மக்பார்லேன் ஓர் அடியால் வென்றார். மூன்று நாள் வெயிலில் நூற்றெட்டுக் குழிகள் ஆடி, தாம் ஒருவர் மாத்திரமே கண்ட ஓர் அசைவினாற் பட்டத்தை இழந்தார் ஜோன்ஸ். பிறர் இதனைப் புகழ்ந்தபோது அவர் மகிழவில்லை; விதியின்படி ஆடியதைப் பாராட்டுதல், திருடாதவனைத் திருடாமைக்காகப் பாராட்டுவது போலாகும் என்பதே அவர் கருத்து.

இனி 1930 ஆம் ஆண்டுக்கு வருவோம். பிரித்தானியாவின் அமெச்சூர் போட்டி, பிரித்தானியத் திறந்த போட்டி, அமெரிக்கத் திறந்த போட்டி, அமெரிக்க அமெச்சூர் போட்டி என்னும் நான்கையும் ஒரே ஆண்டில் வெல்லுதல் எவருக்கும் கைகூடாத செயலென அக்காலத்தார் எண்ணினர். ஜோன்ஸ் இதனை உள்ளத்திற் குறித்துக்கொண்டே அவ்வாண்டு புறப்பட்டார் எனலாம். மே மாத இறுதியிற் சென் அன்றூஸில் முதலாவதை வென்றார். ஒன்பதாண்டுகளுக்கு முன் தாம் போட்டியைக் கைவிட்ட அதே மண்ணில் இப்பொழுது மக்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரித்தனர். ஜூன் மாதம் ஹொய்லேக்கில் இரண்டாவதை வென்றார். ஜூலை 2 ஆந் திகதி நியூயோர்க் நகரம் கடதாசி மழை பொழிந்து அவரை வரவேற்றது. அதன்பின் எட்டே நாளில் மூன்றாவது போட்டி மினியாப்பொலிஸ் நகரையடுத்த இன்ரர்லாக்கன் மைதானத்தில் ஆரம்பமாயிற்று.

மினியாப்பொலிஸ் ஒரு வட நகரம். உறைபனிக்குப் பேர்போனது. ஆயினும் அவ்வாண்டு அமெரிக்காவின் பெரும்பகுதியை வறட்சி பீடித்திருந்தது. ஜூலை 10 ஆந் திகதி வெப்பம் 100 பாகை பரனைற்றைத் தாண்டியது; சதம அளவையில் ஏறக்குறைய 38 பாகை. ஏரிகள் மலிந்த நாடாதலால் காற்றில் ஈரமும் நிறைந்திருந்தது. வியர்வை வழியும், உலராது. அக்கால வழக்கப்படி ஆட்டக்காரர் நீண்ட கைச்சட்டை அணிந்து, கழுத்துப்பட்டி கட்டி, முழங்காலின் கீழே இறுக்கிய அகன்ற காற்சட்டையும் கம்பளிக் காலுறையும் பூண்டே ஆடினர். இன்று அரைக்கைச் சட்டையோடு ஆடுபவர்கள் அதனை நினைத்தும் பாரார்.

முதற் சுற்றை 71 அடிகளில் முடித்துக்கொண்டு ஜோன்ஸ் உடைமாற்றும் அறைக்கு வந்தார். முதலிடத்தில் நின்ற இருவரிலும் ஓர் அடியே பின்தங்கியிருந்தார். உடையெல்லாம் நீரில் மூழ்கி எழுந்ததுபோல் ஒட்டிக்கிடந்தது. கழுத்துப்பட்டியை அவிழ்க்க முயன்றார், முடியவில்லை. வியர்வையில் ஊறிய முடிச்சு கல்லாக இறுகிவிட்டது. உடனிருந்த கீலர் தம் பேனாக்கத்தியை எடுத்துக் கழுத்துப்பட்டியை அறுத்தெடுத்தார். கீலர் அற்லாண்டாவின் பத்திரிகையாளர். பதின்மூன்று வெற்றிகளையும் நேரிற் கண்டவர். ஜோன்ஸின் நிழல்போல் ஊரூராக உடன் திரிந்தவர். அவர் இல்லையேல் இந்நிகழ்ச்சிகளுட் பல நமக்குக் கிடைத்திரா.

இரண்டாம் நாள், ஒன்பதாவது குழியில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அங்கே ஏரி ஒன்று குறுக்கிட்டது. ஜோன்ஸ் கோலை வீசிய கணத்திற் கூட்டத்தில் அசைவு ஒன்று கண்ணிற் பட, பந்து சரியாக அடிபடாது தாழப் பறந்து நீரில் வீழ்ந்தது. வீழ்ந்தது மூழ்கவில்லை. சிறுவர் குளத்திற் சில்லெறிவது போல் நீர்மேற் தத்தித் தத்தி அக்கரை சேர்ந்தது. அல்லியிலைமேற் பட்டே தப்பியது எனக் கண்டோர் சிலர் கூறினர். இன்றும் அதனை அல்லியிலை அடி என்றே வழங்குவர். இலையோ நீரோ, அக்குழியை அவர் குறைந்த அடிகளில் முடித்தது உண்மை. வீரர் கதைகளில் இத்தகைய அதிர்ஷ்டத்தை மறைத்தெழுதுவோர் உளர். நாம் மறைக்கவேண்டியதில்லை, அன்று அப்பந்து மூழ்கியிருப்பின் இக்கதையே வேறாகியிருக்கும்.

மூன்றாம் நாள் இரு சுற்றுக்கள். காலையில் 68 அடிகளில் முடித்தார். அடுத்தவரிலும் ஐந்து அடிகள் முந்தினார். அதனோடு ஆட்டம் முடிந்திருந்தால் நன்று. பிற்பகலில் உடல் சோர்ந்தது. குறுகிய குழிகள் மூன்றில் தலா இரண்டு அடிகளை இழந்தார். அவற்றுள் கடைசியானது பதினேழாவது. 262 யார் நீளமுடைய அக்குழியில் அவர் அடித்த பந்து வலப்புறமாக மரத்திற் பட்டு எங்கோ மறைந்தது, தேடியும் கிடைக்கவில்லை. அது சேற்றுநிலமாகிய தடையுள் வீழ்ந்ததெனக் கொண்டு, ஓர் அடி தண்டத்தோடு வேறு பந்து வைத்து ஆட நடுவர் அனுமதித்தார். அந்நடுவர் பிரெஸ்கொற் புஷ். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஜனாதிபதிகளாக விளங்கிய இரு புஷ்களுள் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்குப் பாட்டனார். அத்தீர்ப்புச் சரியா என்ற வாதம் பின்னரும் ஓயவில்லை. வூஸ்ரரில் தம்மேல் தாமே தண்டம் விதித்துக்கொண்டவர் இங்கே நடுவரின் தீர்ப்பை ஏற்று நடந்தார்; அதிற் குறைகாண நமக்கு இடமில்லை.

பின்னே மக்டொனால்ட் ஸ்மித் என்பவர் நெருங்கி வந்துகொண்டிருந்தார். பதினெட்டாவது குழியை அடுத்த புற்றரையிற் ஜோன்ஸின் பந்து குழிக்கு ஏறக்குறைய 13 யார் தொலைவிற் கிடந்தது. மேடும் பள்ளமுமான தரை. சூழ்ந்து நின்ற ஆயிரக்கணக்கானோர் மூச்சடக்கினர். மெல்ல உருண்ட பந்து மேடேறி, வளைந்து, குழியுள் வீழ்ந்தது. மொத்தம் 287 அடிகள். இரண்டு அடிகளால் வெற்றி.

செப்ரெம்பர் 27 ஆந் திகதி மெரியனில் நான்காவதையும் வென்றார். பதினான்கு வயதிற் பால்முகத்தோடு நுழைந்த அதே மைதானம். ஏறக்குறைய 18,000 பேர் கூடிய அந்நெரிசலினின்று கடற்படைத் துருப்பினர் அவரைச் சூழ்ந்து காத்து அழைத்துச் சென்றனர். சீட்டாட்டத்தின் சொல்லொன்றைக் கடன்வாங்கி இந்நால் வெற்றிக்குக் கிராண்ட் ஸ்லாம் என்று பெயரிட்டவர் கீலரே. அவ்வடிவில் அந்நான்கையும் ஒரே ஆண்டில் வென்றவர் முன்னுமில்லை, பின்னுமில்லை.

உலகம் அடுத்த ஆண்டை ஆவலோடு எதிர்பார்த்தது. நவெம்பர் மாதத்தில் ஜோன்ஸ் போட்டிகளினின்றும் தாம் விலகுவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 28. ஹொலிவூட்டில் ஆட்டம் பயிற்றும் குறும்படங்களை எடுக்க அவர் இசைந்திருந்தார். பணம் பெறும் அச்செயல் அமெச்சூர் நிலைக்கு ஒவ்வாது என்பதனால் விலகினார் என்பது வெளிப்படையான காரணம். ஆனால் அது மாத்திரமே காரணமென நாம் நம்பவில்லை. உண்ணவும் உறங்கவும் விடாது, வெயிலில் உருக்கி உடலை வாட்டிய அவ்வேதனையை இன்னுமொரு கோடை தாங்க அவர் விரும்பவில்லை. உச்சியில் நிற்கும்போதே இறங்கத் தெரிந்தவர் உலகிற் சிலரே.

பின்னர் அவர் ஒரு மைதானம் அமைத்தார். ஜோர்ஜியாவில் ஒகஸ்ரா என்னும் ஊரில் பழமரக் கன்றுகளும் பூஞ்செடிகளும் வளர்த்து விற்ற 365 ஏக்கர்ப் பழந்தோட்டம் ஒன்று விலைக்கு வந்தது. கிளிபோட் றொபேட்ஸ் என்னும் நிதித்துறையாளரோடு சேர்ந்து அதனை வாங்கினார். மைதானத்தை வகுத்தவர் அலிஸ்ரர் மக்கென்சி. வைத்தியராயிருந்து மைதானக் கலைஞரானவர். ஒவ்வொரு குழிக்கும் ஒரு மரத்தின் அல்லது செடியின் பெயர் இட்டனர். 1934 இல் அங்கே முதற் போட்டி நிகழ்ந்தது. இன்று மாஸ்ரர்ஸ் என உலகறிந்த போட்டி அதுவே. அது இளவேனிலில் நிகழ்வது. கோடை தொடங்கும்போது ஒகஸ்ராக் கழகம் தன் கதவுகளை அடைத்துவிட்டு இலையுதிர்காலத்திலேயே திறக்கிறது. ஜோர்ஜியாவின் கோடையில் வளர்ந்தவருக்கு அதன் கொடுமையும் தெரியுமன்றோ?

அம்மைதானத்தின் அழகைப் புகழும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லாதிருத்தல் நேர்மையாகாது. கோற்பையைச் சுமந்து வெயிலில் உடன் நடந்தோர் கறுப்பினத்தவர், ஆடினோர் வெள்ளையர். மாஸ்ரர்ஸ் போட்டியிற் கறுப்பின வீரர் ஒருவர் ஆட 1975 வரை, லீ எல்டர் வரும் வரை, காத்திருக்க நேர்ந்தது. கழகம் முதற் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990 இலேதான். ஒரு பந்தின் அசைவுக்கும் கணக்குச் சொன்ன மனிதர், தம் நாட்டின் இப்பெரும் அநீதிக்கு எதிராகப் பகிரங்கமாகக் குரல் எழுப்பினார் என்று சொல்ல நமக்குச் சான்றில்லை. அவர் தம் காலத்தின் தென்னாட்டு வெள்ளையராகவே அவ்விடயத்தில் வாழ்ந்தார்.

இரண்டாவது உலக யுத்த காலத்தில் அவர் நாற்பது வயதை எட்டினார். வீட்டிலிருந்திருக்கலாம். ஆயினும் 1942 இல் விமானப்படையிற் சேர்ந்தார். புலனாய்வுப் பிரிவிற் பணிபுரிந்து, 1944 ஜூனில், நேச நாட்டுப் படைகள் இறங்கிய மறுநாள் நோமண்டிக் கரையில் இறங்கினார். அவ்வேளை ஒகஸ்ராவின் புற்றரையில் மாடுகள் மேய்ந்தன. காவலின்றி விட்ட அம்மாடுகள் பூஞ்செடிகளையும் விட்டுவைக்கவில்லை.

யுத்தம் முடிந்து வந்தவரின் கழுத்திலும் முதுகிலும் நோவு தோன்றியது. விரல்கள் மரத்தன, கால் இடறியது. 1948 ஓகஸ்ட் மாதத்து வெயிலில், ஈஸ்ற் லேக்கிலே, தாம் முதன்முதற் கோல் பிடித்த மண்ணில் ஒரு சுற்று ஆடினார். அதுவே கடைசிச் சுற்று. அவ்வாண்டும் 1950 இலும் சத்திரசிகிச்சை நிகழ்ந்தது, பயன் சிறிது. முண்ணாணுள் நீர்க்குழிவு தோன்றி நரம்புகளை மெல்ல மெல்ல அழிக்கும் அரிய நோய் அது என 1956 இலேயே வைத்தியர் துணிந்தனர். சிரிங்கோமயீலியா என்பது அதன் பெயர். மாற்று மருந்து இருக்கவில்லை. ஊன்றுகோல் ஒன்று இரண்டாயிற்று. பின் சக்கர நாற்காலி வந்தது. உலகமெல்லாம் வியந்த அக்கை பேனாவைப் பிடிக்கவும் வலியிழந்தது. இளமையில் ஓர் அடி தவறியதற்குக் கோலை வீசிச் சினந்த மனிதர், இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் வளர்ந்த இந்நோவைப் பற்றிப் பிறரிடம் முறையிடவில்லை என அருகிருந்தோர் எழுதியுள்ளனர். நோயை வினவுவோரிடம் பேச்சை வேறு திசைக்குத் திருப்பிவிடுவாராம்.

1958 ஒக்ரோபரில் அவர் கடைசி முறையாகச் சென் அன்றூஸ் சென்றார். அமெச்சூர்களுக்கான முதலாவது உலகக் குழுப் போட்டியில் அமெரிக்க அணிக்குத் தலைவர் அவர். ஆடும் தலைவரல்லர், மின்வண்டியில் அமர்ந்து ஆட்டத்தைப் பார்க்கும் தலைவர். அந்நகரத்தார் தங்கள் ஊரின் உரிமைக் குடிமகன் என்னும் கௌரவத்தை அவருக்கு வழங்கினர். 1759 இல் பெஞ்சமின் பிராங்கிளினுக்குப் பின் அக்கௌரவம் பெற்ற அமெரிக்கர் அவரே. மண்டபம் நிறைந்திருந்தது. உதவி எதையும் நாடாது மேடையிலே தாமே எழுந்து, மேசையைப் பற்றியபடி நகர்ந்து நின்று, எழுதிவைத்த குறிப்பை ஒதுக்கிவிட்டு மனத்திலிருந்தே பேசினார். 1921 இல் அவ்வூரிற் செய்த பிழையையும் மறைக்கவில்லை. பேச்சு முடிந்ததும் மின்வண்டியில் ஏறி மண்டபத்தின் நடுவழியே மெல்ல வெளியேறினார். அப்போது எவரோ தொடங்க, கூடியிருந்தோர் அனைவரும் எழுந்து, பிரிந்து செல்பவரை மீண்டும் வரமாட்டாயோ என வினவும் பழைய ஸ்கொத்லாந்துப் பாடலைப் பாடினர். வெளியே சென்ற பின்னும் நெடுநேரம் கூட்டத்தில் எவரும் பேசவில்லை.

அவர் மீண்டும் அங்கு செல்லவில்லை. 1968 க்குப் பின் ஒகஸ்ராவிற்கும் செல்ல இயலவில்லை. 1971 டிசெம்பர் 18 ஆந் திகதி அற்லாண்டாவிற் காலமானார். செய்தி சென் அன்றூஸை எட்டியபோது மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தோர் ஆட்டத்தை நிறுத்தினர். கழகத்தின் கொடி அரைக்கம்பத்தில் இறங்கியது. மறு ஆண்டு அம்மைதானத்தின் பத்தாவது குழிக்கு அவருடைய பெயரை இட்டனர். 1921 இல் அவர் பந்தைக் கையிலெடுத்துக்கொண்டு விலகிய பதினோராவது குழி அதற்கு அடுத்துக் கிடக்கிறது.